உன் வேலையை யார் எழுதுவது?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் வடக்குத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன? ஐ.டி.ஐ. முடித்து என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் போவதா, பாலிடெக்னிக் சேர்வதா, கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே குரூப் 4 எழுதுவதா, தெரிந்தவரைப் பிடித்து இன்றைக்கே காண்ட்ராக்ட் வேலைக்குள் நுழைந்துவிடுவதா? பெண் பிள்ளையாக இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி நிற்கும்: படிக்க வைப்பதா, கட்டிக்கொடுப்பதா?

இந்தப் பேச்சுக்கு நடுவே பிள்ளைகள் நம்மிடம் தனியாக வந்து கேட்பது வேறு ஒன்று. “எனக்கு எந்த வேலை செட் ஆகும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” நல்ல கேள்வி. அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் கேட்க முடியாமல் போன கேள்வி. செல்போனில் இருக்கும் ஏதாவது ஒரு தேர்வை நிரப்பிப் பார் என்று சொல்லி அனுப்பிவிட நமக்கு மனம் வருவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது தெரிந்தால், பதில் தேடும் வழியும் கொஞ்சம் தெளிவாகும்.

பள்ளிகளில் இன்று நடக்கும் தொழில் வழிகாட்டுதலுக்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை தேடும் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்ல ஓர் அலுவலகம் திறந்தார். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1909இல் வெளிவந்தது. அவர் காட்டிய வழியில் மூன்று படிகள். உன் திறமையையும் விருப்பத்தையும் தெரிந்துகொள். வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள். பிறகு இரண்டையும் பொருத்திப் பார். இன்றைய தேர்வுகள் பெரும்பாலும் இந்த மூன்றையே வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் மக்களுக்கு இந்த மூன்று படிக்கும் கீழே இன்னொரு படி இருந்தது. ஒரு வேலை எனக்குப் பொருந்துகிறதா என்று நான் பார்க்க வேண்டுமானால், பொருந்தாத வேலையை “மாட்டேன்” என்று சொல்ல எனக்கு முடிய வேண்டும். அப்படிச் சொன்னால் அடி விழாது, பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற நிலை வேண்டும். அந்தப் படியைக் கட்டத்தான் நம் முன்னோர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள்.

சிறைக்குள்ளும் சாதி வேலை

1891 டிசம்பர் 1ஆம் தேதி நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் முன்னின்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நடத்தினார். பண்டிதர் சித்த மருத்துவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவரும் அவரே. அந்த மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. பிள்ளைகளுக்குக் கல்வி, படித்தவர்களுக்கு அரசு வேலை, பொது இடங்களிலும் அலுவலகங்களிலும் தடையற்ற நுழைவு என்பவை நமக்குப் பழக்கமான கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. சிறைக்குப் போகும் பறையர்களுக்கு இழிவான வேலைகளைக் கொடுக்கச் சொல்லும் சிறை விதியை நீக்க வேண்டும் என்பது அது.

அந்த விதி என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாதி இந்துவும் நம் ஆளும் ஒரே குற்றத்துக்காக ஒரே சிறைக்குப் போகிறார்கள். உள்ளே போனதும் ஒருவர் கைக்குக் கரண்டி வருகிறது, இன்னொருவர் கைக்குத் துடைப்பம் வருகிறது. தண்டனை ஒன்றுதான், வேலை மட்டும் பிறப்பைப் பார்த்து. வெளியே ஊர் வழக்கமாக இருந்ததை உள்ளே அரசாங்கமே விதியாக எழுதி வைத்திருந்தது.

இது வெள்ளைக்காரன் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் இதே போன்ற விதிகள் இருந்தன. துப்புரவு வேலையை அந்த வேலைக்குப் ‘பழக்கப்பட்ட’ வகுப்பாருக்குக் கொடு, சமையலைத் ‘தகுந்த’ சாதியாருக்குக் கொடு என்கிற மாதிரியான விதிகள். அவை அரசமைப்புக்கு எதிரானவை என்று நீதிமன்றம் அடித்துப் போட்டது. நீலகிரித் தீர்மானத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 133 ஆண்டுகள்.

‘பழக்கப்பட்ட’ என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையை ஒரு கூட்டத்தின் மீது தலைமுறை தலைமுறையாகத் திணிப்பது, பிறகு அவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள் என்பது, பிறகு அதுதான் அவர்களுக்குப் பொருத்தம் என்பது. சாதி வேலைப் பொருத்தம் பார்க்கும் முறை இதுதான்.

கர்ணம் மகன், வெட்டியான் மகன்

ஊருக்குள் இந்தப் பொருத்தம் சட்டப் புத்தகத்திலும் ஏறியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1895இல் பரம்பரைக் கிராம ஊழியங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். முன்சீப், கர்ணம் பதவிகளும் அதில் இருந்தன, வெட்டி, தோட்டி ஊழியங்களும் இருந்தன. நிலக் கணக்கு எழுதுகிறவர் மகன் நிலக் கணக்கு எழுதுவான், ஊர் ஊழியம் செய்கிறவர் மகன் ஊர் ஊழியம் செய்வான். ஒரே சட்டம் ஒருவனுக்குக் கொடுத்தது அதிகாரம், இன்னொருவனுக்குக் கொடுத்தது ஏவல். செத்த மாட்டை இழுப்பது, சாவுச் சேதி சொல்வது, பறை அடிப்பது, சுடுகாட்டு வேலை ஆகியவற்றுக்குச் சட்டம்கூட வேண்டியிருக்கவில்லை. ஊர்க்கட்டுப்பாடே போதுமானதாக இருந்தது.

கணக்குப் பிள்ளை நாற்காலி யாரிடம் இருந்தது என்பது சின்ன விஷயமில்லை. யார் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்த நோட்டில்தான் இருந்தது. 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையின் பேரில் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன கதையில், கணக்கு எழுதியவர்களின் கைக்கும் பங்கு உண்டு. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தவரால்தான் ஆண்டையின் வேலையை மறுக்க முடிந்தது. நிலம் போனபோது மறுக்கும் வலுவும் சேர்ந்தே போனது.

குடியரசு வந்த பிறகும் அந்த 1895 சட்டம் உயிரோடுதான் இருந்தது. ஆந்திராவில் ஒரு கிராம முன்சீப் பதவிக்கு, முன்பு அந்தப் பதவியில் இருந்தவரின் மகன் என்பதற்காக ஒருவருக்கு முன்னுரிமை தரப்பட்டது. கஜுலா தசரத ராம ராவ் என்பவர் வழக்குப் போட்டார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அரசு வேலையில் வம்சாவழியைப் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசமைப்பின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு சொல் அங்கே இருந்ததால்தான் அந்தத் தீர்ப்புக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும்போது வி.ஏ.ஓ. என்பது பல பணிகளில் ஒரு பணி. உங்கள் தாத்தா வாசலுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற அந்த நாற்காலிதான் அது. இந்த வரலாறும் தெரிந்து தேர்வு எழுதுங்கள்.

பட்டம் இருந்தும்

“நல்லாப் படி, எல்லாம் தானா வரும்” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். படிப்பு மட்டும் போதுமா என்பதற்குப் புரட்சியாளர் அம்பேத்கரின் வாழ்க்கையே சாட்சி.

கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போகிறார். படிக்க உதவிய மன்னருக்குப் பணி செய்வதாக ஒப்பந்தம். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று வீசுகிறார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்குகிறார். தெரிந்ததும் தடியோடு வந்து துரத்துகிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் திரும்புகிறார். அங்கே பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்குகிறார். அவர் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிடுகிறார்கள். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிறார். அங்கேயும் பேராசிரியர்களின் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது.

பொருளாதாரத்தில் அவருக்கு இருந்த திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. பார்சன்ஸின் மூன்று படிகளில் எதிலும் அவர் தோற்கவில்லை. கதவுதான் மூடியிருந்தது.

1936இல் அவர் எழுதிய ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் இதை ஒரு பொருளாதார வாதமாகவே வைக்கிறார். சாதியை வேலைப் பிரிவினை என்று சிலர் நியாயப்படுத்துகிறார்கள். அது வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களை மேல் கீழாகப் பிரிக்கிறது என்கிறார் அண்ணல். மனிதனின் திறமையையோ விருப்பத்தையோ அது பார்ப்பதில்லை, பெற்றோரின் நிலையைப் பார்த்துப் பிறக்கும் முன்பே வேலையை முடிவு செய்துவிடுகிறது. ஒரு தொழில் நசிந்தால் வேறு தொழிலுக்கு மாறவும் அது விடுவதில்லை. அதனால் வேலையின்மைக்கும் அதுவே நேரடிக் காரணம் ஆகிறது. வேலை பிடிக்கவில்லை என்றாலும் விட்டுப் போக முடியாத மனிதனின் மனம் அந்த வேலையில் எப்படி இருக்கும் என்றும் கேட்கிறார்.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் 1943இல் மத்திய அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அது 1946இல் 12.5 ஆகி, 1970இல் 15 ஆனது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தொடக்கமும் 1945இல், அவருடைய துறையின் கீழ்தான். படிக்கக் காசு, வேலை இருப்பதைச் சொல்ல ஓர் இடம், உள்ளே நுழைய ஒரு கதவு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவரால் ‘எனக்கு எது பொருந்தும்’ என்று உட்கார்ந்து யோசிக்கவே முடியும். இதைத் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்.

அரை நாள் பள்ளி

சுதந்திரம் வந்து ஆறு ஆண்டுகளில் சென்னை மாகாணம் நேர் எதிர்த் திசையில் ஒரு முயற்சி செய்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம்.

பள்ளி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, முறை வைத்து நடத்தினால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

பண்ணையில் கூலி வேலை செய்கிறவர் பிள்ளை மதியத்துக்கு மேல் எதைக் கற்றிருக்கும்? மலம் அள்ளுகிறவர் பிள்ளை எதைக் கற்றிருக்கும்? பத்து வயதில் மதியம் முழுக்க அதைச் செய்த பிள்ளையைப் பதினைந்து வயதில் பார்த்து, “இவனுக்கு இதுதான் நல்லா வருது” என்று சொல்லியிருப்பார்கள். பழக்கம் பொருத்தமாக மாறுவதற்கு ஐந்து ஆண்டுகள் போதும். அந்தத் திட்டம் தொடர்ந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்தக் கட்டுரையை வாசிக்கும் இடத்தில் இருந்திருப்போம்?

யாருக்கும் பரம்பரை இல்லாத வேலை

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதிலிருந்து பழுப்பு நிலக்கரியின் கதை தொடங்கியது. 1956 நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் முதல் மின் பிரிவு ஓடத் தொடங்கியது. மண் வெட்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது.

இதில் நம் பேச்சுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டுவது எந்தச் சாதிக்கும் குலத்தொழில் கிடையாது. கன்வேயர் பெல்ட்டைப் பராமரிப்பதற்கு எந்த ஊரிலும் பரம்பரை உரிமை இருந்ததில்லை. டர்பைனைப் பற்றி மனு ஒன்றும் சொல்லவில்லை. கம்பும் மணிலாவும் விதைத்துக்கொண்டிருந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள், ஓட்டினார்கள். தொழில் ரத்தத்தில் வருகிறது என்று சொல்கிறவர்களுக்கு நெய்வேலியின் ஒவ்வொரு ஷிப்ட்டும் பதில்.

ஆனால் புதிய வேலை என்பதால் பழைய கணக்கு மறைந்துவிடவில்லை. உள்ளே போகும் வழிகளைப் பாருங்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்பது இங்கே இன்றுவரை ஒலிக்கும் நியாயமான கோரிக்கை. ஆனால் 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்தின் மீது உரிமை உள்ளவருக்குத்தான் இழப்பீடு தந்தது. அந்த நிலத்தில் நடவு நட்டு, களை எடுத்து, அறுத்துப் பிழைத்த கூலிக்காரர் குடும்பத்திடம் கொடுக்கப் பட்டா இருக்கவில்லை. அதனால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று காகிதம் சொன்னது. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் விவசாயத் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று எழுதியது.

இன்னொரு வழி இடஒதுக்கீடு. அந்த வழியாக நகரியத்துக்குள் போன நம் குடும்பங்களில், பிள்ளைகள் ஒரே தலைமுறையில் டாக்டராகவும் ஆசிரியராகவும் ஆனதை நாம் கண் முன்னால் பார்க்கிறோம். நிரந்தர வேலை ஒன்று வீட்டில் இருந்தால், அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது.

மூன்றாவது வழி காண்ட்ராக்ட். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது 1970இல். ஆண்டு முழுக்க நடக்கும் நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அதில் வழி இருந்தது. அப்படித் தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2010இல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிரந்தரம் கேட்டும் சம ஊதியம் கேட்டும் அதற்கு முன்னும் பின்னும் போராடியிருக்கிறார்கள். 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தபோது இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது ரோஸ்டர் பார்ப்பதில்லை. இடஒதுக்கீடு என்ற கதவை யாரும் சட்டம் போட்டு மூட வேண்டியதில்லை. அந்தக் கதவு இருக்கும் சுவரையே இடித்துவிட்டு வேறு பக்கமாக ஆள் எடுத்தால் போதும்.

துடைப்பமும் மணியும்

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் நாம் மறக்கக் கூடாத பெயர் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1952 முதல் மூன்று முறை மக்களவை உறுப்பினர். தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அதில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது.

அதன் பிறகுதான் 1970 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டி ஒரு முட்டுக்கட்டையையும் விட்டுவைத்தது. பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகராக நியமன ஆணை வாங்க 2021 ஆகஸ்ட் 14 வரை ஆனது. அந்த நியமனங்களும் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது.

இதன் மறுமுனையைப் பாருங்கள். சஃபாய் கரம்சாரி அந்தோலனின் பெசவாடா வில்சன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த ஊர் அது. இளைஞராக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனபோது, அவரைக் கேட்காமலே அவர் விண்ணப்பத்தில் துப்புரவு வேலை என்று எழுதிவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். படிப்பைப் பார்க்கவில்லை, விருப்பத்தைக் கேட்கவில்லை, குடும்பம் செய்த வேலையைப் பார்த்து எழுதினார்கள். அண்ணலின் துறையின் கீழ் தொடங்கிய அலுவலகத்துக்குள்ளும் சாதி போய் உட்கார்ந்துகொண்டது. வில்சன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு உலர் கழிப்பிடங்களை ஒழிக்கும் போராட்டத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். 2016இல் மகசேசே விருது பெற்றார்.

கோயில் மணி அடிக்கும் வேலை ஒரு பிறப்புக்கு மட்டும் என்றார்கள். மலக்குழியில் இறங்கும் வேலை இன்னொரு பிறப்புக்கு மட்டும் என்றார்கள். கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் தடை செய்தது. இருந்தும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். மணியின் பக்கம் கதவு திறக்க அரை நூற்றாண்டு ஆகிறது. குழியின் பக்கம் யாரும் ‘தகுதி’ என்ற சொல்லையே எடுப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துப்புரவு வேலையை இழிவென்று நாம் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். செய்கிற வேலைக்குப் பாதுகாப்பும் நல்ல கூலியும் கேட்பது ஒரு உரிமை. என் பிள்ளைக்கு வேறு வேலை என்று முடிவெடுப்பது இன்னொரு உரிமை. பறையும் அப்படியே. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று கீழே வைத்தவரும் போராளி, மேடையில் கலையாகக் கையில் எடுத்தவரும் போராளி. இரண்டையும் முடிவு செய்தவர்கள் அவர்கள்தான்.

சரி, எனக்கு எது பொருந்தும்?

இவ்வளவு தூரம் வந்த பிறகு கேள்விக்குத் திரும்புவோம். வேலைப் பெயரைச் சொல்ல எங்களால் முடியாது. பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

உனக்கு இதுதான் வரும் என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கைவேலையைப் பார்த்தா, கணக்கைப் பார்த்தா, பேச்சைப் பார்த்தா, தெருப் பெயரைப் பார்த்தா? அதே வேலையைத் தன் பிள்ளைக்கும் சொல்வாரா? ஆசிரியராக இருந்தாலும் சொந்தக்காரராக இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் பார்க்காத வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரியும்? போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் நீதிமன்றத்தில் உட்காருங்கள். ஒரு பத்திரிகையாளரோடு சுற்றுங்கள். ஒரு எலெக்ட்ரீஷியனுக்குக் கைவேலை செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் மாமா, சித்தப்பா காட்டிவிடுவார்கள். நமக்கு அந்தச் சித்தப்பா நம் இயக்கமும் படிப்பு வட்டமும்தான். ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கும் நம் அண்ணன்மார், அக்காமார் மாதம் ஒரு நாள் வந்து பேச வேண்டும்.

வேலையைப் பார்க்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்க வேண்டாம். நியமன ஆணை யார் கொடுக்கிறார்கள்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? அடிபட்டால் பொறுப்பு யாருடையது? சங்கம் உண்டா? இந்த வேலையில் கற்றுக்கொள்வதை வைத்து வேறு இடத்துக்குப் போக முடியுமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். வெளியேற வழியில்லாத வேலைதான் நம் தாத்தாக்கள் செய்த வேலை.

வீட்டு நிலைமை தெரியாமல் மனதுக்குப் பிடித்ததை மட்டும் செய் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அப்பாவுக்கு மருந்து வாங்க இன்றைக்கே சம்பளம் வேண்டும் என்றால் காண்ட்ராக்ட் வேலைக்குப் போவதில் வெட்கமில்லை. ஆனால் அதையே முடிவாக எழுதிவிட வேண்டாம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் கணக்கராக இருந்தார். 1893இல் ‘பறையன்’ இதழ் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். திரும்பி வந்து சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தார். லண்டன் வட்டமேசையில் அண்ணலோடு நின்றார். முதல் வேலை ஆயுள் தண்டனை இல்லை. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, தொலைநிலைப் படிப்பு, மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு, கூட நிற்க ஒரு சங்கம். “மாட்டேன்” என்ற சொல்லுக்கு வலு கொடுப்பவை இவைதான். வேலைக்குப் போகும் முதல் மாதத்திலிருந்தே இவற்றைச் சேருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம், பாட்டியிடம் கேட்டால் இன்னும் நல்லது, இதைக் கேளுங்கள்: “சின்ன வயசுல நீ என்னவா ஆகணும்னு நெனச்ச?” பெரும்பாலும் அவரிடம் இதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிரித்து மழுப்பலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். காத்திருங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத நம் வேலை வரலாறு அதில்தான் இருக்கிறது.

ஜெய் பீம்!